கன்பூசியஸ் சொன்ன நல்ல மனிதர்: ஓர் எளிய அறிமுகம்

கன்பூசியஸின் மாணவர்களில் ஸிலு என்று ஒருவர். துணிச்சல்காரர், கொஞ்சம் முரட்டு ஆள். அவர் ஒருமுறை ஆசானிடம், "நல்லது ஒன்றைக் கேள்விப்பட்டால் உடனே செய்துவிட வேண்டுமா?" என்று கேட்டார். "அப்பாவும் அண்ணனும் இருக்கும்போது, அவர்களைக் கேட்காமல் நீ எப்படி உடனே செய்வாய்?" என்றார் கன்பூசியஸ். ரான் யூ என்ற இன்னொரு மாணவரும் அதே கேள்வியைக் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில்: "கேட்டதும் செய்." இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது மாணவர் குழம்பிப்போய், ஏன் இப்படி மாற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்டே விட்டார். ரான் யூ பின்வாங்குகிறவன், அதனால் அவனை முன்னே தள்ளினேன்; ஸிலுவுக்கு இரண்டு ஆள் வேகம், அதனால் அவனைப் பிடித்து நிறுத்தினேன் என்றார் ஆசான்.

கன்பூசியத்தை முதன்முதலில் படிக்க வருகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. வழக்கமான அறிமுகங்கள் அன்பு, நேர்மை, சடங்கு ஒழுங்கு, அறிவு, நம்பகம் என்று ஐந்து நற்பண்புகளின் பட்டியலோடு ஆரம்பிக்கும். பட்டியல் தவறில்லை. ஆனால் அவற்றை ஐந்தாகக் கட்டி வைத்தது கன்பூசியஸ் இறந்து சில நூற்றாண்டுகள் கழித்து, ஹான் பேரரசுக் காலத்தில். எதிரில் நிற்பவர் யார், அவருக்கு எது குறைகிறது, எது மிகுந்திருக்கிறது என்று பார்த்துப் பேசியவர் கன்பூசியஸ். நல்ல வாழ்க்கை என்பதை அவர் ஒரு பயிற்சியாகத்தான் பார்த்தார். பயிற்சி ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா?

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 551இல், லூ என்ற சிறிய நாட்டில், இன்றைய சீனாவின் ஷான்டோங் மாகாணத்துச் சூஃபூ நகரில் பிறந்தார் என்பது மரபு. குடும்பப் பெயர் கோங். சீனர்கள் கோங்ஸி என்கிறார்கள். கன்பூசியஸ் என்பது ஏசு சபைப் பாதிரியார்கள் லத்தீனில் ஆக்கிய பெயர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார், வளர்ந்தது வறுமையில். தானியக் கிடங்குக் கணக்கு, ஆடுமாடு மேற்பார்வை என்று சிறு சிறு வேலைகள் பார்த்தார். 'இளமையில் எளிய நிலையில் இருந்தேன், அதனால் பல சில்லறை வேலைகள் தெரியும்' என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் வாழ்ந்த காலம் நிலையற்றது. ஜோ மரபின் பேரரசர் பெயருக்குத்தான் இருந்தார். குறுநில மன்னர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். லூ நாட்டில் மன்னரையே ஓரங்கட்டிவிட்டு மூன்று பிரபுக் குடும்பங்கள் ஆட்சி நடத்தின. நடுவயதைத் தாண்டித்தான் கன்பூசியஸுக்கு அங்கே நீதித் துறையில் உயர்ந்த பதவி கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. மாணவர்களோடு நாடு நாடாகச் சுமார் 14 ஆண்டுகள் அலைந்தார். எந்த மன்னரும் அவரை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கி.மு. 484இல் ஊர் திரும்பி, 479இல் இறந்தார். அரசியல்வாதியாக அவர் தோற்றவர் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பேச்சுகளையும் அவரைப் பற்றிய குறிப்புகளையும் மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் தொகுத்ததுதான் 'லுன் யூ' என்ற நூல். 20 அதிகாரங்கள், ஏறத்தாழ 500 துண்டுகள். நான் இங்கே சொல்லும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அதில் வருபவை.

அந்த நூலில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'ரென்'. மனிதத்தன்மை, அன்பு, பரிவு எல்லாம் கலந்த ஒன்று. மாணவர்கள் மாறி மாறி 'ரென் என்றால் என்ன?' என்று கேட்கிறார்கள், பதிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருவருக்கு, "மனிதரை நேசி." இன்னொருவருக்கு, "உன்னை அடக்கி, முறைமைக்குத் திரும்பு." ஸிமா நியூ என்ற மாணவருக்கு, "ரென் உள்ளவன் பேசத் தயங்குவான்." அவ்வளவுதானா என்று அவர் வியந்தார். செய்வது கடினம் என்று தெரிந்தவன் வாயைத் திறக்கத் தயங்காமல் இருப்பானா என்று திருப்பிக் கேட்டார் ஆசான். அந்த மாணவர் வாயாடி என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. மருந்து யாருக்கு என்பது தெரிகிறது.

வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க ஒரே ஒரு சொல் உண்டா என்று ஸிகோங் என்ற மாணவர் கேட்டபோது வந்த பதில் புகழ்பெற்றது: பிறர் உனக்குச் செய்யக் கூடாது என்று நினைப்பதை நீ பிறருக்குச் செய்யாதே. இதை உலகில் பல மரபுகள் சொல்லியிருக்கின்றன. சுவையான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. இதே ஸிகோங் இன்னொரு தடவை, "பிறர் எனக்குச் செய்யக் கூடாது என்று நினைப்பதை நானும் பிறருக்குச் செய்ய விரும்பவில்லை" என்று பெருமையாகச் சொன்னபோது, ஆசான் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நீ இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை." கொள்கையை ஏற்பதும் அதன்படி நடப்பதும் இரண்டு வேறு விஷயங்கள், நடுவில் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

அந்த உழைப்பு எங்கே நடக்கிறது? இங்கேதான் 'லி' வருகிறது. கன்பூசியத்தில் இன்றைய வாசகருக்கு மிகவும் அந்நியமாகத் தெரிவது இதுதான். என்னைக் கேட்டால், அதில் மிக ஆழமானதும் இதுதான். முன்னோர் வழிபாடு, துக்கம் காப்பது, விருந்தினரை வரவேற்பது, வணங்குவது, உடுத்துவது, பாயில் உட்காருவது வரை எல்லாவற்றுக்கும் உள்ள முறைமையை 'லி' என்பார்கள். வெறும் சம்பிரதாயம்தானே, இதற்கும் நல்லவனாக இருப்பதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றும்.

பார்வையற்ற இசை ஆசிரியர் ஒருவர் அவரைப் பார்க்க வந்த நிகழ்ச்சியைப் பாருங்கள். படிக்கட்டு வந்ததும் "இது படி" என்றார் கன்பூசியஸ். பாயருகே வந்ததும் "இது பாய்" என்றார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, "இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் அங்கே இருக்கிறார்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார். விருந்தாளி போன பிறகு ஒரு மாணவர், இசை ஆசிரியரிடம் இப்படிப் பேசுவதுதான் முறையா என்று கேட்டார். ஆமாம், இசை ஆசிரியருக்கு உதவும் முறை இதுதான் என்றார் அவர். நிகழ்ச்சி அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றும் பேசப்படவில்லை. ஆனால் அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு மனிதர் தடுமாறக் கூடாது என்ற அக்கறை, முறைமையின் வடிவத்தில் அங்கே நடந்துவிட்டது. பரிவை உள்ளுக்குள் உணர்ந்தால் போதாது. கைக்கும் காலுக்கும் வாய்க்கும் அது பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தின் பெயர்தான் லி.

எல்லா முறைமையையும் அப்படியே கட்டிக்கொண்டு அழுதவரும் இல்லை அவர். சடங்குத் தொப்பி முன்பு நுட்பமான சணல் துணியில் செய்யப்பட்டது. அவர் காலத்தில் சிக்கனம் கருதிப் பட்டுக்கு மாறிவிட்டார்கள். அந்தக் காலத்துச் சீனாவில் பட்டுத்தான் சிக்கனம்! சரி, நானும் எல்லோரையும் போலவே செய்கிறேன் என்றார். ஆனால் மன்னரை மண்டபத்துக்குக் கீழே நின்று வணங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறி வந்து வணங்கும் புது வழக்கத்தை மட்டும் ஏற்கவில்லை. அது திமிர், எல்லோரும் செய்தாலும் நான் கீழிருந்தே வணங்குவேன் என்றார். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதற்கு அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது: உள்ளே இருக்கும் மரியாதை குறைகிறதா இல்லையா. ரென் இல்லாதவனுக்கு முறைமை எதற்கு, இசைதான் எதற்கு என்று அவரே கேட்கிறார். துக்க வீட்டில் ஏற்பாடுகள் குறைவில்லாமல் நடப்பதைவிட உண்மையான துக்கம் இருப்பதே மேல் என்கிறார்.

இதற்கு ஓர் அரசியல் பக்கமும் உண்டு. பேரரசருக்கு மட்டுமே உரிய எட்டு வரிசை நடனத்தை, லூ நாட்டை ஆட்டிவைத்த மூன்று குடும்பங்களில் ஒன்றான ஜி குடும்பம் தங்கள் வீட்டு முற்றத்தில் ஆட வைத்தது. இதையே பொறுத்துக்கொள்ளலாம் என்றால் வேறு எதைத்தான் பொறுக்க முடியாது என்று கொதித்தார். ஒரு நடனத்துக்கா இவ்வளவு கோபம்? யாருக்கு எது உரியது என்ற எல்லையை வலியவர்கள் விளையாட்டாக மீறத் தொடங்கினால் அடுத்தது வரி, அதற்கடுத்தது படை. அவர் கண்ணெதிரில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அன்பைப் பழகும் முதல் இடம் வீடு. பெற்றோரிடம் காட்டும் பக்தியை 'ஷியாவ்' என்கிறார்கள். இதைப் பலர் வயதான பெற்றோருக்குச் சோறு போடுவது என்று எண்ணிக்கொண்டார்கள். நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம் என்று கேட்டார் கன்பூசியஸ். இன்னொரு முறை, "கடினமானது முகபாவம்தான்" என்றார். வேலை இருந்தால் இளையவர்கள் செய்து கொடுப்பது, உணவு இருந்தால் பெரியவர்களுக்கு முதலில் வைப்பது, இதெல்லாம் எளிது. முகம் சுளிக்காமல் செய்வதுதான் பாடு. வயதான பெற்றோரோடு வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தப் பகுதியில் இடறலான நிகழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. ஷே என்ற ஊரின் தலைவர் பெருமையாகச் சொன்னார்: "எங்கள் பக்கத்தில் ஒரு நேர்மையாளன் இருக்கிறான். அவன் அப்பா ஆட்டைத் திருடியபோது அவனே சாட்சி சொன்னான்." கன்பூசியஸ் பதில்: எங்கள் பக்கத்து நேர்மை வேறு மாதிரி. அப்பா மகனை மறைப்பார், மகன் அப்பாவை மறைப்பான். நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது. இது சரியா தவறா என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. குடும்பப் பாசத்தின் பெயரால் ஊழலுக்கு வழி விடுகிறாரே என்பது ஒரு கட்சி. பெற்ற அப்பனைக் காட்டிக்கொடுத்துப் பெயர் வாங்குகிறவன் நாளைக்கு யாரிடம் உண்மையாக இருப்பான் என்பது மறு கட்சி. என் மனம் ஆட்டுக்காரன் பக்கம் சாய்கிறது, அவன் ஆடு போனது போனதுதானே. ஆனால் கன்பூசியஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் புரிகிறது. அவருக்கு அன்பு என்பது வீட்டில் முளைத்து வெளியே பரவுவது. வேரை வெட்டிவிட்டால் பரவ எதுவும் மிஞ்சாது. அவருக்குப் பின் வந்த மோஸி என்ற சிந்தனையாளர் இதை நேரடியாக எதிர்த்தார்; எல்லோரிடமும் ஒரே அளவு அக்கறை வேண்டும், பாகுபாடுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம் என்றார். பழைய சீனத் தத்துவத்தின் பெரிய வழக்குகளில் ஒன்று இது.

இப்படியெல்லாம் பழகி வளர்ந்தவரை 'ஜுன்ஸி' என்பார்கள், மேன்மக்கள் என்று நாம் சொல்வதைப் போல. முன்பு பிரபுக் குலத்தில் பிறந்தவர்களைக் குறித்த அந்தச் சொல்லை, நடத்தையால் உயர்ந்த யாருக்கும் உரியதாக்கிவிட்டார் கன்பூசியஸ். மேன்மகன் எது சரி என்று பார்ப்பான், சிறுமதியாளன் எது லாபம் என்று பார்ப்பான். மேன்மகன் குறையைத் தன்னிடம் தேடுவான், மற்றவன் பிறரிடம் தேடுவான். அலைந்து திரிந்த காலத்தில் சென் நாட்டில் உணவு தீர்ந்து மாணவர்கள் எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தார்கள். மேன்மகனுக்கும் இந்தக் கதி வருமா என்று கோபத்தோடு கேட்டார் ஸிலு. வரும், ஆனால் அவன் நிலைகுலைய மாட்டான் என்று பதில் வந்தது. அவருக்கு மிகப் பிடித்த மாணவர் யான் ஹுய், ஒரு கிண்ணம் சோறும் ஒரு சுரைக்குடுவைத் தண்ணீருமாகக் குறுகிய சந்தில் வாழ்ந்து, அதிலும் மகிழ்ச்சியாக இருந்தவர். அவர் இளம் வயதில் இறந்தபோது ஆசான் கதறி அழுதார். அளவுக்கு மீறி அழுகிறீர்களே என்றார்கள் மற்றவர்கள். "இவனுக்காக அழாமல் யாருக்காக அழுவேன்?" என்றார். முறைமையின் ஆசானே முறைமையைத் தாண்டிய இடம் இது. மாணவர்கள் அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், கன்பூசியஸ் தெளிவாகச் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி பெரிதாக வெடித்தது. மனிதன் இயல்பில் நல்லவனா? கன்பூசியஸ் வழியில் வந்த, கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் மென்சியஸ், நல்லவன்தான் என்றார். ஒரு குழந்தை கிணற்றில் விழப் போவதைத் திடீரென்று பார்த்தால் எவனுக்கும் நெஞ்சு பதறும். குழந்தையின் பெற்றோரிடம் சலுகை கிடைக்கும் என்றோ, ஊரில் பெயர் கிடைக்கும் என்றோ கணக்குப் போட அந்த நொடியில் நேரம் ஏது? அந்தப் பதற்றம்தான் முளை. அதைப் பேணி வளர்த்தால் ரென் ஆகும். சரி, எப்படி வளர்ப்பது? சீ நாட்டு மன்னர் ஷுவான் ஒருமுறை பலிக்குக் கொண்டுபோன மாடு நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் விடச் சொன்னார், பதிலுக்கு ஓர் ஆட்டைப் பலி கொடுக்கச் சொன்னார். கஞ்சத்தனம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மென்சியஸ் அவரை ஆதரித்தார்: நீங்கள் மாட்டைக் கண்ணால் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார். மன்னர் மகிழ்ந்துபோனார். அடுத்த அடி அங்கேதான் விழுந்தது. ஒரு மாட்டை எட்டும் உங்கள் கருணை உங்கள் குடிமக்களை எட்டவில்லையே, அது முடியாததாலா, செய்யாததாலா?

அவசரப்படக் கூடாது என்பதற்கும் மென்சியஸிடம் ஒரு கதை உண்டு. சோங் நாட்டுக்காரன் ஒருவன் பயிர் வளரவில்லையே என்று ஒவ்வொன்றையும் பிடித்து மேலே இழுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து, இன்று களைத்துவிட்டேன், பயிர் வளர உதவிவிட்டு வருகிறேன் என்றான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் வாடிக் கிடந்தன. நற்குணத்தை வலிந்து வரவழைக்கப் பார்ப்பவர்களுக்காகச் சொன்னது.

அடுத்த நூற்றாண்டில் வந்த ஷுன்ஸி இதற்கு நேர் எதிர். மனித இயல்பு மோசமானது, நல்லது எல்லாம் மனித முயற்சியால் வருவது என்றார். கோணல் மரத்தை ஆவியில் காட்டி, சட்டத்தில் வைத்து நிமிர்த்த வேண்டும். மழுங்கிய இரும்பைச் சாணை பிடிக்க வேண்டும். மனிதனுக்கு அந்தச் சட்டமாகவும் சாணையாகவும் இருப்பவை முறைமையும் ஆசிரியர்களும்தான். இருவரும் கன்பூசியஸின் பெயரைச் சொல்லியே சண்டை போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முளையென்று நம்பினாலும் கோணல் மரமென்று நம்பினாலும், நாள்தோறும் பழக வேண்டும் என்பதில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிற்காலத்தில் மரபு மென்சியஸ் பக்கம் சாய்ந்தது. இரண்டு பேரில் ஷுன்ஸிதான் கூர்மையான எழுத்தாளர் என்று எனக்குத் தோன்றும்.

அதன் பிறகு நடந்தது வேறு விதமான கதை. கி.மு. 213இல் சின் பேரரசு பழைய நூல்களை எரிக்க ஆணையிட்டது. ஹான் பேரரசர் வூ அதே நூல்களை அரசாங்கக் கல்வியாக்கி, கி.மு. 124இல் அதற்கென்று கல்விக்கூடம் அமைத்தார். 12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற அறிஞர் நான்கு நூல்களைத் தேர்ந்தெடுத்து உரை எழுதினார். 1313இல் வந்த ஆணைக்குப் பிறகு அரசுத் தேர்வுகளுக்கு அவைதான் பாடம். 1905இல் அந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்படும் வரை, பதவிக்கு வர விரும்பிய ஒவ்வொரு இளைஞனும் அவற்றை மனப்பாடம் செய்தான். தன்னைத் திருத்திக்கொள்ளச் சொன்ன பேச்சு, உத்தியோகம் வாங்கும் பாடப்புத்தகம் ஆயிற்று. மன்னனுக்குக் குடி, தந்தைக்கு மகன், கணவனுக்கு மனைவி கட்டுப்பட வேண்டும் என்ற பகுதி மட்டும் பெரிதாக்கப்பட்டது. பெண்களுக்கு இதனால் விளைந்த கொடுமை கொஞ்சமல்ல. 'லுன் யூ'விலேயே பெண்களைப் பற்றி ஒரு மட்டமான வரி இருக்கிறது, அதற்கு வக்காலத்து வாங்க நான் விரும்பவில்லை. 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீன இளைஞர்கள் கன்பூசியஸ் கடையை இழுத்து மூடுங்கள் என்று கோஷமிட்டதற்கும், 1966இல் மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் இறங்கிய செங்காவலர் இளைஞர்கள் சூஃபூவுக்குள் புகுந்து சிலைகளையும் கல்லறைகளையும் உடைத்ததற்கும் இந்தக் கசப்பு ஒரு காரணம். அங்குள்ள கன்பூசியஸ் கோயிலும் அதே கல்லறைத் தோட்டமும் 1994இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்கள் ஆயின.

ஆக, கன்பூசியம் என்றால் மேலிடத்துக்குக் கீழ்ப்படிதல் என்று நம்பிவிடுவது எளிது. அப்பா சொல்வதையெல்லாம் கேட்பதுதான் பக்தியா என்று ஸெங்ஸி என்ற மாணவர் கேட்க, இது என்ன பேச்சு என்று கன்பூசியஸ் சீறுவதாக, அவர் பெயரில் வந்த பிற்கால நூல் ஒன்றிலேயே இருக்கிறது. தவறு செய்யும் தந்தையைத் தடுத்துப் பேச ஒரு மகன் இருந்தால்தான் தந்தை தப்புவார் என்கிறார் அங்கே. மென்சியஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜோ மரபுக்கு முன் ஆண்ட ஷாங் மரபின் கடைசி மன்னன், ஜோ என்றே பெயர் கொண்ட கொடுங்கோலன், அவனை அவன் கீழிருந்தவரே கொன்றாராமே, குடிமகன் மன்னனைக் கொல்லலாமா என்று கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, மாட்டை விடச் சொன்ன அதே ஷுவான் மன்னர்தான். ஜோ என்ற ஒரு தனி ஆளைக் கொன்றதாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன், மன்னனைக் கொன்றதாகக் கேள்விப்படவில்லை என்றார் மென்சியஸ்.

இந்த வரிகளின் கனம் மிங் மரபை நிறுவிய ஹோங்வு பேரரசருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் 1394இல் மென்சியஸ் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டி எடுக்க வைத்தார். வெட்டியவற்றிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார். அவருடைய மகன் ஆட்சியிலேயே அந்தப் பகுதிகள் மீண்டும் நூலுக்குள் வந்து சேர்ந்துவிட்டன.